ஒரே பஞ்சாரம், ஒரே தீனி, இரண்டு எடை

கிருஷ்ணன்கோவில் என்னும் ஊரை உங்களில் சிலர் பேருந்தில் கடந்திருப்பீர்கள். மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் செல்லும் சாலையில், வத்திராயிருப்புக்கு வழி பிரியும் இடம் அது. அங்கே என் அக்கா வீட்டுக் கொல்லைப்புறத்தில் 2023-ஆம் ஆண்டு பங்குனி, சித்திரை மாதங்களில் ஒரு சோதனை நடந்தது. சோதனை என்று சொல்வது சற்று மிகைதான். நான் ஆலோசனை சொன்னேன். செலவு செய்தவர் அக்கா.

அக்காவின் கோழி அடைகாத்துக் குஞ்சு பொரித்த அதே வாரத்தில், தெரிந்தவர் ஒருவரின் பண்ணையிலிருந்து ஆறு பிராய்லர் குஞ்சுகள் கிடைத்தன. "நாட்டுக் குஞ்சிலும் ஆறைப் பிரித்தெடுத்து, இரண்டையும் ஒன்றாக வளர்த்துப் பாருங்கள். அதே பண்ணைத் தீவனத்தைப் போட்டால் நாட்டுக்கோழியும் சீக்கிரம் எடை வைக்கும்" என்றேன். தாய்க்கோழி இரண்டு நாள் கத்திக்கொண்டே திரிந்தது. பன்னிரண்டு குஞ்சுகளும் முதலில் மின்விளக்குச் சூட்டிலும், பிறகு ஒரே பஞ்சாரத்தின் கீழும் வளர்ந்தன. தீவனமும் தண்ணீரும் ஒன்றே.

ஆறாவது வாரம் மளிகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். பிராய்லர் ஒவ்வொன்றும் 1.8 கிலோவுக்கு அருகில். நாட்டுக் குஞ்சுகளில் மிகப் பெரியது 350 கிராம்.

"ஏண்டா தம்பி, ரெண்டுக்கும் ஒரே தீவனந்தானே போட்டேன்?" என்று கேட்டார் அக்கா. தீவனத்தின் விலையை மனத்தில் வைத்துக் கேட்ட கேள்வி அது. கோழி வளர்ப்பில் ஆகும் மொத்தச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தீவனத்திற்கே போய்விடும். அதற்கு அடுத்த வாரம் நடந்ததைப் பிறகு சொல்கிறேன். அதுவும் இந்தக் கதையின் ஒரு பகுதிதான்.

நான் இயற்பியல் கற்பிப்பவன். கோழியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தட்டில் வந்த பிறகுதான். ஆனால் அக்காவின் கேள்வி அடிப்படையில் ஓர் ஆற்றல் கணக்கு. உள்ளே போன ஆற்றல் எங்கே போயிற்று? அதைத் தேடிப்போன வழியில் அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒரு வதந்தியைத் தீர்த்துவிடுவோம். "பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதனால்தான் ஊதுகிறது" என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எதிர்வீட்டுக்காரரும் அதையே சொன்னார். அக்கா வீட்டுக் குஞ்சுகளுக்கு யாரும் ஊசி போடவில்லை. ஆனாலும் ஐந்து மடங்கு வேறுபாடு வந்துவிட்டது. மேலும் வளர்ச்சி ஹார்மோன் என்பது ஒரு புரதம். தீவனத்தில் கலந்து கொடுத்தால், பருப்பிலுள்ள புரதத்தைப்போல அதுவும் குடலில் சிதைந்து செரித்துப்போகும். ஊசியாகத்தான் போட வேண்டும். அதுவும் திரும்பத் திரும்ப. ஆயிரக்கணக்கான கோழிகளை நாள்தோறும் பிடித்து ஊசி போடும் பண்ணைக்காரருக்குக் கூலி கொடுத்தே கட்டுப்படியாகாது. கோழித் தீவனத்தில் எதிருயிரி மருந்துகளைக் கலப்பது வேறு செய்தி. அது உண்மையாகவே கவலைக்குரியது. கொலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுக்கக்கூடாதென்று இந்திய அரசு 2019-இல் தடை விதித்தது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அக்காவின் பஞ்சாரச் சோதனையை மிகவும் ஒழுங்காகச் செய்தவர்கள் கனடா நாட்டின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தினர். அங்கே 1957-ஆம் ஆண்டின் இறைச்சிக்கோழி வகை ஒன்றையும், 1978-ஆம் ஆண்டின் வகை ஒன்றையும், மேலும் மேலும் தேர்வு செய்யாமல் அப்படியே தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தார்கள். பழைய மாதிரிக் கார்களைப் பத்திரப்படுத்துவதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றோடு 2005-ஆம் ஆண்டின் பிராய்லர் வகையையும் சேர்த்து, மூன்றுக்கும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்தார்கள். 56-ஆம் நாளில் 1957-இன் கோழி 905 கிராம். 1978-இன் கோழி 1,808 கிராம். 2005-இன் கோழி 4,202 கிராம். இந்த முடிவுகள் 2014-இல் வெளியாயின. ஒரே கூரை, ஒரே தீனி. எனவே வேறுபாடு முட்டைக்குள்ளேயே இருந்தது. பெற்றோரிடமிருந்து வந்த ஜீன்களில், அதாவது மரபணுக்களில், இருந்தது.

இங்கே நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. நம் பக்கத்தில் கட்டுச்சேவலாக வளர்க்கிறார்களே, அந்த அசீல் இனம், அகன்ற மார்பும் கெட்டித் தசையும் கொண்டது. 19-ஆம் நூற்றாண்டில் அசீல் சேவல்கள் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கிருந்த சண்டைக்கோழிகளுடன் கலக்கப்பட்டன. அப்படிப் பிறந்த இனம் கார்னிஷ். அதன் பழைய பெயரே 'இந்தியச் சண்டைக்கோழி' என்பதுதான். பிற்காலத்தில் கார்னிஷ் சேவலையும், வெள்ளைப் பிளிமத் ராக் என்னும் அமெரிக்கப் பெட்டையையும் இணைத்து உருவாக்கியதே இன்றைய பிராய்லர். பல்லடம் பக்கத்துக் கொட்டகைகளில் வளரும் வெள்ளைக்கோழியின் மார்புச் சதையில், நம் சேவற்கட்டுக் களத்தின் ஜீன்களும் கலந்திருக்கின்றன.

'ஜீன்' என்றதும் உங்கள் பாடப்புத்தகத்துப் பட்டாணிச் செடி நினைவுக்கு வரும். விலங்குகளிலும் மெண்டலின் விதிகள் பொருந்துகின்றன என்று முதன்முதலில் காட்டியவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் வில்லியம் பேட்சன். 1902-இல் அவர் எடுத்துக்கொண்ட விலங்கு கோழி; பார்த்த பண்பு கொண்டையின் வடிவம். அதைப்போன்ற ஒற்றை ஜீன் பண்பு ஒன்றை நம் தெருவிலேயே பார்க்கலாம். கழுத்தில் இறகில்லாத 'கழுத்தறுத்தான்' கோழி! அதற்குக் காரணமான ஜீன் ஒன்றே ஒன்று. தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த ஜீன் வந்தால், கழுத்து மொட்டையாக இருந்தாலும் அடிக்கழுத்தின் முன்புறம் ஒரு கொத்து இறகு இருக்கும். இருவரிடமிருந்தும் வந்தால் அந்தக் கொத்தும் அநேகமாக இருக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கழுத்து இறகு போல வளர்ச்சிக்கும் ஒரே ஒரு ஜீன் இருக்குமா? அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பால் சீகல் என்னும் பேராசிரியர் 1957-இல் தொடங்கிய ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. ஒரே கூட்டத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையிலும் எட்டு வார வயதில் எடை மிகுந்தவற்றை ஒரு பக்கமும், எடை குறைந்தவற்றை இன்னொரு பக்கமும் பொறுக்கி, தனித்தனியே இனம் பெருக்கினார். ராஜபாளையத்தில் நாய் வளர்ப்பவர்கள் வெள்ளை நிறத்தையும் உயரத்தையும் பார்த்துக் குட்டியைப் பொறுக்குகிறார்கள் அல்லவா? அதே வேலைதான், தராசும் குறிப்பேடும் வைத்துக்கொண்டு. நாற்பது தலைமுறை ஆனபோது இரு கால்வழிகளுக்கும் இடையே எடை எட்டு மடங்குக்கு மேல் விலகியிருந்தது. கனத்த கால்வழி தீனியைக் கண்டால் விடாது, எந்நேரமும் தின்னும். மெலிந்த கால்வழியின் குஞ்சுகள் சிலவற்றுக்குப் பசியே எடுக்காது. தீனிக்கு முன்னால் நின்றுகொண்டே பட்டினியால் இறந்தன. ஆக, தேர்வு செய்தது எடையை, மாறிப்போனதோ பசியும்கூட.

பின்னர் இந்த இரு கால்வழிகளையும் கலந்து, பேரக்குஞ்சுகளின் குரோமோசோம்களை ஆராய்ந்தார்கள். கோழிக்கு 39 இணைக் குரோமோசோம்கள், நமக்கு 23. கோழியின் முழு மரபுத்தொகுதியும் 2004-இல் படித்தறியப்பட்டது. எடையைக் கூட்டும் 'பெரிய' ஜீன் எதுவும் அகப்படவில்லை. பல இடங்களில் சிறிய சிறிய விளைவுகள்தாம் தெரிந்தன. இன்னும் ஒரு வியப்பு: 2006-இல் வெளியான ஆய்வின்படி, நான்கு இடங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அற்பம். குறிப்பிட்ட சேர்க்கையாக வந்தால்தான் எடை எகிறுகிறது. வாத்தியக்குழுவில் ஒருவர் மட்டும் வாசித்தால் கச்சேரி ஆகாததுபோல.

சரி, இந்த ஜீன்கள் உடலில் எந்த இடத்தில் வேலை செய்கின்றன? இப்போது கோழியின் வயிற்றுக்குள் இறங்குவோம்.

கோழிக்குப் பல் கிடையாது. விழுங்கிய தானியம் கழுத்தடியிலுள்ள தீனிப்பையில் தங்கி நனைகிறது. அடுத்து, அமிலமும் நொதியும் சுரக்கும் சிறிய இரைப்பை. அதற்கும் அடுத்ததுதான் கோழியின் தனிச்சிறப்பான அரைவைப்பை. கறிக்கடையில் ஈரலோடு சேர்த்துத் தருவார்களே, உள்ளே மஞ்சள் தோலை உரித்து எடுத்த, கெட்டியான சதை உருண்டை, அதுவேதான். கோழி கொத்தி விழுங்கும் சிறு கற்கள் அதில் தங்கும். நிமிடத்திற்கு இரண்டு மூன்று முறை அந்தத் தசை இறுகி, தானியத்தைக் கற்களோடு வைத்து நசுக்குகிறது. நம் வீட்டு ஆட்டுரல் என்றே சொல்லிவிடலாம்.

அதன் வலிமையை 18-ஆம் நூற்றாண்டிலேயே சோதித்திருக்கிறார்கள். பிரான்சின் ரோமுர், தகரக் குழாய்களை வான்கோழிகளுக்கு விழுங்கக் கொடுத்தார். அவை நசுங்கி வெளிவந்தன. இத்தாலியின் ஸ்பல்லன்சானி, ஈயக் குண்டில் ஊசிகளைப் பதித்து விழுங்க வைத்தார். ஊசிகள்தாம் உடைந்தன, அரைவைப்பைக்குக் காயமில்லை. (இன்று அப்படிச் செய்தால் விலங்கு நல வாரியம் விடாது, நீங்களும் முயன்று பார்க்க வேண்டாம்.)

அரைப்பதால் என்ன லாபம்? இங்கே என் பாடம் கொஞ்சம் உதவும். பக்கம் 3 மில்லிமீட்டர் உள்ள கனசதுரமாக ஒரு சோளத் துண்டை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் புறப்பரப்பு 54 சதுர மில்லிமீட்டர். அதை அரை மில்லிமீட்டர் கனசதுரங்களாக உடைத்தால் 216 துண்டுகள் கிடைக்கும். மொத்தப் புறப்பரப்பு 324 சதுர மில்லிமீட்டர், ஆறு மடங்கு. நொதிகள் பரப்பின்மேல்தான் வேலை செய்ய முடியும். தீனி கோழியின் உடலைச் சில மணி நேரத்திலேயே கடந்து போய்விடுவதால், பரப்பு குறைந்தால் செரிக்காத மாவுச்சத்து எச்சத்தோடு வெளியேறிவிடும். அக்கா கொடுத்த பணம் குப்பைமேட்டுக்குப் போகிறது என்று பொருள்.

அரைபட்ட கூழ் சிறுகுடலுக்குள் இறங்குகிறது. குடலின் உட்சுவர் முழுவதும் துண்டின் பஞ்சு முனைகளைப்போல நுண்ணிய குடலுறிஞ்சிகள். இங்கும் அதே தத்துவம், பரப்பைக் கூட்டுவது. முடிவில் இரண்டு குருட்டுக்குடல்கள். அவற்றில் பாக்டீரியங்கள் வாழ்ந்து, மீந்ததில் கொஞ்சத்தை நொதிக்கச் செய்கின்றன.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சின் எடை சுமார் 40 கிராம். அதன் வயிற்றுக்குள் மஞ்சள் கருவின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் முதல் சில நாள்களின் கட்டுச்சோறு. அந்த நாள்களில் உடலின் மற்றப் பகுதிகளைவிடக் குடல் மிக வேகமாக வளர்கிறது. கடையைத் திறப்பதற்கு முன்னால் சாலை போடுவதைப்போல. வேகமாக வளரும் பறவைகளில் முதலில் குடலும் ஈரலும் முந்திக்கொள்கின்றன, சதை பிறகுதான். பிராய்லர் குஞ்சு முதல் வாரத்திலேயே நான்கு மடங்குக்கு மேல் எடை கூடுகிறது என்றால், இந்தச் சாலை முன்னதாகவே போடப்பட்டிருப்பதும் ஒரு காரணம். அமெரிக்காவில் 1950-களின் பழைய வகையொன்றையும் புதிய பிராய்லரையும் ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, புதியதில் சிறுகுடலின் நடுப்பகுதியும் பின்பகுதியும் நீளம் மிகுந்தவை என்று கண்டது. ஐந்தாவது வாரத்தில் மார்புத்தசை பழையதில் உடல் எடையின் 9 சதவீதம். புதியதில் 18 சதவீதம். ஆனால் இதயமோ, உடலின் எடையோடு ஒப்பிடும்போது, பின்தங்கிவிட்டது.

இதைப் படித்தபோது 'அப்படியானால் பெரிய குடல், நல்ல செரிமானம். கதை முடிந்தது' என்று நினைத்தேன். நான் நினைத்தது தவறு. பிரான்சு நாட்டின் வேளாண் ஆய்வு நிறுவனத்தினர், டூர் நகரத்தை அடுத்த நூசிலி என்னுமிடத்தில் செய்த சோதனை அதைத் திருத்தியது. கோழிக்குச் செரிக்கக் கடினமான ரியால்டோ என்னும் கோதுமை வகையை அவர்கள் வேண்டுமென்றே தீவனத்தில் சேர்த்தார்கள். மூன்று வார வயதில் ஒவ்வொரு கோழியும் தின்றதையும் கழித்ததையும் அளந்து, தீனியின் ஆற்றலில் எவ்வளவை உடலுக்குள் தக்கவைத்தது என்று கணக்கிட்டார்கள். பொருளைக் கலோரிமானியில் எரித்து ஆற்றல் காண்பது நீங்கள் அறிந்த முறை. எண்ணற்ற எச்ச மாதிரிகளை விரைவில் ஆராய, அகச்சிவப்புக் கதிர் எதிரொளிப்பையும் பயன்படுத்தினார்கள். கோழி எச்சத்திலும் இயற்பியலுக்கு வேலை இருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

நன்றாகச் செரிப்பவை ஒரு கால்வழி, மோசமாகச் செரிப்பவை இன்னொரு கால்வழி என்று பிரித்து வளர்த்ததில், சில தலைமுறைகளிலேயே வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. எடையில் இரண்டும் பெரிதும் வேறுபடவில்லை. ஆனால் மோசமானவை அதே எடைக்கு வர அதிகம் தின்றன, அதிகம் கழித்தன.

அறுத்துப் பார்த்தபோதுதான் செய்தி வெளியாயிற்று. நன்றாகச் செரிப்பவற்றின் அரைவைப்பை கனமாக இருந்தது. சிறுகுடலோ இலேசாக இருந்தது. மோசமாகச் செரிப்பவற்றில் நேர்மாறு! அரைவைப்பை சிறியது, குடல் கனமானது, குடலுறிஞ்சிகளும் பெரியவை. ஏன்? ஆட்டுரல் சரியாக அரைக்காவிட்டால் அரைகுறைத் துண்டுகள் குடலுக்கு வந்து சேர்கின்றன. குடல் அதை ஈடுகட்ட முயன்று தன்னையே பெருக்கிக்கொள்கிறது. அதற்கும் தீனியிலிருந்துதான் ஆற்றல் செலவாகிறது. பெரிய குடல் இங்கே திறமையின் அடையாளம் அன்று, திணறலின் அடையாளம்.

செரிக்கும் திறனில் ஒரு கூட்டத்துக்குள் காணப்படும் வேறுபாடுகளில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ மரபின் வழி வந்தது என்று கணக்கிட்டார்கள். இந்தச் சொற்றொடரைக் கவனமாகப் படியுங்கள். ஒரு கோழியின் வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு ஜீன் என்று பொருளல்ல. கோழிக்குக் கோழி காணும் வேறுபாட்டில் அவ்வளவு பங்கு என்று பொருள். மீதி, வளர்ப்பு முறையிலும் தற்செயலிலும் வருவது. இரு கால்வழிகளையும் கலந்து தேடியபோது, செரிமானத்தோடு தொடர்புடைய இடங்களும் ஒரே குரோமோசோமில் அல்லாமல் பலவற்றில் சிதறிக் கிடந்தன.

நீங்கள் கறிக்கடைக்குப் போய், நாட்டுக்கோழியின் அரைவைப்பையையும் பிராய்லரின் அரைவைப்பையையும் ஒப்பிட்டுப் பார்க்க நினைக்கலாம். பாருங்கள், ஆனால் உடனே ஜீன் என்று எழுதிவிடாதீர்கள். முழுத் தானியமும் உமியும் கல்லும் தின்று வளரும் கோழிக்கு அரைவைப்பை உழைத்து உழைத்துப் பெருக்கும். மாவுத் தீவனம் தின்பதற்கு அது சுருங்கும். ஒரே கோழிக்கூட்டத்தில்கூட இப்படி நடக்கும். அக்கா வீட்டுச் சோதனையிலும் இந்த ஓட்டை இருந்தது. நான்காவது வாரத்திலிருந்து நாட்டுக் குஞ்சுகள் பஞ்சாரத்தைத் தாண்டிக் குப்பையைக் கிளறப் போய்விட்டன; பிராய்லர்கள் தீவனத் தட்டை விட்டு நகரவில்லை. உண்மையில் நான்கு கூட்டம் வேண்டும். இரண்டு வகைக் கோழி, இரண்டு வகைத் தீனி, ஒவ்வொரு வகைக் கோழிக்கும் ஒவ்வொரு தீனி. அப்போதுதான் ஜீனின் பங்கு எது, தீனியின் பங்கு எது என்று பிரிக்க முடியும்.

இடையில் ஒரு செய்தி. மேற்கே தெரிகிறதே ஸ்ரீவில்லிபுத்தூர் மலை, அங்கே சாம்பல் காட்டுக்கோழி வாழ்கிறது. வீட்டுக்கோழிக்கு முதன்மையான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழிதான். ஆனால் தோலும் காலும் மஞ்சளாக உள்ள கோழிகளின் அந்த மஞ்சள் ஜீன், சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்து வந்தது என்று 2008-இல் கண்டறிந்தார்கள். சோளத்திலும் கீரையிலும் உள்ள மஞ்சள் நிறமி குடல் வழியாக இரத்தத்தில் சேர்கிறது. வெள்ளைத்தோல் கோழியில் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். மஞ்சள்தோல் கோழியின் தோலில் அந்த நொதி வேலை செய்வதில்லை. எனவே நிறமி தங்கிவிடுகிறது. குடல் உள்ளே விட்டதை என்ன செய்வதென்று இன்னோர் ஜீன் தீர்மானிக்கிறது, பாருங்கள்.

இனி ஏழாவது வாரத்துக்கு வருகிறேன். சித்திரை வெயில். பிற்பகல் இரண்டு மணிக்குப் பிராய்லர்கள் இறக்கையை விரித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கின. அக்கா தண்ணீர் தெளித்தார். ஈரச் சாக்கைப் போர்த்தினார். மாலைக்குள் மூன்று செத்துவிட்டன. நாட்டுக் குஞ்சுகள் வேப்பமரத்து நிழலில் மண்ணைக் கிளறிப் புரண்டுகொண்டிருந்தன.

என் பாடத்தை நான் மறந்துபோனதன் விளைவு அது. தீனியின் ஆற்றலில் ஒரு பெரும் பங்கு வெப்பமாக மாறுகிறது. எவ்வளவு அதிகம் தின்று செரிக்கிறதோ அவ்வளவு வெப்பம். இரண்டு கிலோ பிராய்லர் பத்து வாட்டுக்கும் மேல் வெப்பத்தை வெளிவிடுகிறது. அமைதியாக உட்கார்ந்திருக்கும் மனிதர் வெளிவிடுவது சுமார் 100 வாட். கிலோவுக்கு இவ்வளவு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். கோழி நம்மைவிட மூன்று மடங்கு சூடான அடுப்பு. அந்த வெப்பம் தோல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். எடை ஐந்து மடங்கானால் புறப்பரப்பு ஐந்து மடங்காவதில்லை. மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கூடும். மேலே இறகுப் போர்வை. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகளும் இல்லை. மூச்சிரைத்து நீரை ஆவியாக்குவது ஒன்றே வழி. அதன் உடல் வெப்பநிலை 41 டிகிரிக்கு மேல். வெளியே நம் ஊர் வெயில் 40 டிகிரியை நெருங்கும்போது வெப்பம் பாய்வதற்கு வேறுபாடே மிஞ்சுவதில்லை. பசியையும் குடலையும் சதையையும் பெருக்கிய தேர்வு, இதயத்தையும் வெப்பம் தணிக்கும் வழியையும் அதே அளவில் பெருக்கவில்லை. பெரிய பண்ணைகளில் விசிறியும் நீர்த்திவலையும் வைப்பது இதனால்தான். அக்காவிடம் இருந்தது ஒரு சாக்கு. இந்த வெயிலில் பிராய்லரைக் கொல்லைப்புறத்தில் வளர்க்கச் சொன்னது என் பிழை. அதை இன்றுவரை அவர் சொல்லிக்காட்டுகிறார்.

கழுத்தறுத்தான் கோழி இங்கேதான் கணக்கில் வருகிறது. அந்த ஒற்றை ஜீன் கழுத்து இறகை மட்டுமல்ல, உடல் முழுவதும் இறகின் அளவைக் கணிசமாகக் குறைக்கிறது. போர்வை மெலிந்தால் வெப்பம் எளிதாக வெளியேறும். வெயில் காலத்திலும் கோழி தீனியைக் குறைக்காமல் தின்று வளரும். வெப்ப நாடுகளுக்கான இறைச்சிக்கோழிகளில் இந்த ஜீனைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் பல நடந்திருக்கின்றன.

இதை அக்காவிடம் ஒருநாள் சொல்லிவைத்தேன். போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு கழுத்தறுத்தான் சேவலை இரவல் வாங்கி விட்டிருந்தாராம். அவருடைய பெட்டைகள் எல்லாமே கழுத்து நிறைய இறகுள்ள சிறுவிடைக் கோழிகள். பதினொரு குஞ்சுகள் பொரித்தன. ஆறுக்குக் கழுத்து மொட்டை, ஐந்துக்கு இறகு உண்டு. நான் அந்தச் சேவலைப் பார்த்ததில்லை. ஆனாலும் அதன் அடிக்கழுத்தில் ஒரு கொத்து இறகு இருந்ததா, இல்லையா என்று அக்காவிடம் கேட்காமலே சொல்லிவிட்டேன். நீங்களும் சொல்லிவிடலாம்.